முற்றுப்பெறா எச்சங்கள்: தொழில்முறை மற்போரில் திட்டமிடப்பட்டு நிகழாத ஆட்டங்கள்

ஆய்வுச்சுருக்கம்

தொழில்முறை மற்போர் என்பது, முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட கதையை வீரர்களின் உடல்வழியாக நிகழ்த்திக் காட்டும் தொடர்கலை. அக்கலையின் வரலாற்றில் அறிவிக்கப்பட்டோ திட்டமிடப்பட்டோ நிகழாமற்போன ஆட்டங்கள் பல உள்ளன. இவற்றை இழந்துபோன பேராட்டங்களாகக் கருதி ஏங்குவதே இதுகாறும் பெருவழக்கு. இக்கட்டுரை அந்நோக்கை மறுக்கிறது. தமிழ் இலக்கணம் கூறும் எச்சம், முற்று என்னும் கருத்தாக்கங்களைக் கருவியாகக் கொண்டு, நிகழாத ஆட்டம் கதைக்கு வெளியே உள்ள வெற்றிடம் அன்று, கதையின் ஆசிரியர் யார் என்பதை வெளிப்படுத்தும் இடம் என நிறுவ முயல்கிறது. அமெரிக்க மற்போர் உலகின் 1992, 2007, 2014, 2020, 2024 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

முதன்மைச் சொற்கள்: தொழில்முறை மற்போர், நிகழாமை, எச்சம், வினைமுதல், கேஃபேப், ரெசில்மேனியா, பார்வையாளர்.

முன்னுரை

மறைந்த நூல்களைத் தேடுவது தமிழ் ஆய்வுக்குப் புதிதன்று. உரையாசிரியர்கள் எடுத்தாண்ட மேற்கோள்களைத் திரட்டி, மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூலை உருவாக்கினார். அத்தகைய முயற்சிகளுக்கு அடிப்படை, அந்நூல்கள் ஒரு காலத்தில் இருந்தன என்னும் உறுதி. இருந்து மறைந்ததற்கும், திட்டமிடப்பட்டும் உருப்பெறாததற்கும் வேறுபாடு உண்டு. முன்னதைச் சிதறல்களிலிருந்து ஓரளவு மீட்கலாம். பின்னதை மீட்க இயலாது. மீட்பதாகச் சொல்வது புனைவாகவே முடியும். அவ்வாறாயின் உருப்பெறாத ஒன்றைத் திறனாய்வு எவ்வாறு அணுகுவது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஏற்ற களம் தொழில்முறை மற்போர்.

இம்மற்போரில் வெற்றி தோல்விகள் முன்னரே தீர்மானிக்கப்படுகின்றன. ஆயினும் அவை உண்மைப் போட்டிகள் போலவே பார்வையாளர்முன் வைக்கப்படுகின்றன. இப்பாவனையைக் காக்கும் தொழில்மரபுக்குக் கேஃபேப் என்று பெயர். 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டின்முன், தன் ஆட்டங்கள் போட்டிகள் அல்ல, பொழுதுபோக்குக் காட்சிகளே என்று அன்றைய டபிள்யு.டபிள்யு.எஃப். (இன்றைய டபிள்யு.டபிள்யு.ஈ.) நிறுவனத் தரப்பு ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கு உரிய அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதே அதன் நோக்கம். ‘இது எழுதப்பட்ட கதை’ என்பது வெளிப்படையான பின்னர், ‘எழுதப்பட்டும் அரங்கேறாத கதை எது?’ என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

மற்போரைப் பண்பாட்டு ஆய்வின் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் ரோலான் பார்த். 1957இல் வெளிவந்த ‘மித்தாலஜிஸ்’ தொகுப்பின் முதற்கட்டுரை மற்போரைப் பற்றியது. குத்துச்சண்டையைக் காண்பவர் அதன் முடிவை நோக்கிக் காத்திருக்கிறார் என்றும், மற்போரைக் காண்பவருக்கு ஒவ்வொரு கணமும் தன்னளவில் பொருள் நிறைந்தது என்றும் பார்த் வேறுபடுத்தினார். ஒரே மாலையில் தொடங்கி முடிந்த பாரிஸ் நகர அரங்குகளின் ஆட்டங்களுக்கு இக்கருத்து பொருந்தும். வாரந்தோறும் ஒளிபரப்பாகி, மாதக்கணக்கில் நீளும் இன்றைய தொலைக்காட்சி மற்போருக்கு அது முழுமையாகப் பொருந்தாது. இங்கே கணத்தைக் காட்டிலும் எதிர்பார்ப்பே பெரிது. எதிர்பார்ப்பு உள்ள இடத்தில்தான் நிகழாமை பொருள் பெறுகிறது. பார்த்தின் கட்டுரை விட்டுச்சென்ற இவ்விடமே இக்கட்டுரையின் தொடக்கம்.

சான்றின் தரநிலைகள்

‘திட்டமிடப்பட்டது’ என்னும் சொல் மற்போர் எழுத்துகளில் தளர்வாகவே ஆளப்படுகிறது. ஆய்வுக்கு அது மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட வேண்டும். முதலாவது, நிறுவனமே ஒளிபரப்பில் அறிவித்துப் பின்னர் மாற்றியது. இதற்குப் பனுவலிலேயே சான்று உண்டு. இரண்டாவது, அறிவிக்கப்படாவிடினும் அதில் பங்கேற்கவிருந்தவர் பின்னாளில் தம் வாய்மொழியாகக் கூறியது. இது சான்றே, எனினும், தம்மைப் பற்றித் தாமே கூறும் கூற்று என்பதால் எச்சரிக்கையோடு கொள்ளத்தக்கது. மூன்றாவது, பெயர் குறிப்பிடப்படாத உள்வட்டாரங்களின்பேரில் பரவும் செய்தி. கதையைப் புனைவதே தொழிலாக உள்ள ஒரு துறையில், கசியும் செய்தியும் கதையின் பகுதியாகவே இருக்கக்கூடும். எனவே முதலிரு தரச் சான்றுகள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

எச்சமும் முற்றும்

தொல்காப்பியம் வினையெச்சத்தை வினையியலில் விளக்குகிறது. எச்சவியலில் பத்து வகை எச்சங்களை எண்ணுகிறது. தன்னளவில் முடியாது, தன்னை முடிக்கும் சொல்லை வேண்டி நிற்பது எச்சம். ‘வந்து’ என்ற அளவில் கேட்போர் மனம் அமைவதில்லை. ‘நின்றான்’ என்பது வரும்வரை காத்திருக்கிறது. தொடர்மற்போரின் கதையாக்கமும் இத்தகையதே. ஒருவர் மற்றொருவரை ஏமாற்றுவார், பழிப்பார், பட்டத்தைப் பறிப்பார். இவை அனைத்தும் எச்சங்கள். பெருநிகழ்ச்சியில் நடைபெறும் ஆட்டமே அவற்றின் முற்று.

வினையெச்சங்களுக்குள் மற்றொரு வேறுபாடும் இங்குப் பயன்படும். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும்: ‘அவன் வந்து நின்றான்’. ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சமோ பிறிதொரு வினைமுதலின் வினையைக் கொண்டும் முடியும்: ‘மழை பெய்யப் பயிர் விளைந்தது’. பெய்தது ஒன்று, விளைந்தது மற்றொன்று. நிகழாத ஆட்டங்களையும் இவ்விரு வகையாகப் பகுத்துக் காணலாம். குறிப்பிட்ட இருவர் அன்றி வேறெவராலும் முடிக்க இயலாத கதைகள் ஒரு வகை. ஒருவர் விலக, மற்றொருவர் முடித்துவைக்கும் கதைகள் இன்னொரு வகை. இலக்கணக் கருத்தாக்கத்தைக் கதையியலுக்கு ஏற்றும் இம்முறை ஓர் ஒப்புமையே. அதன் பயன் விளக்கும் ஆற்றலைப் பொறுத்தது.

நிகழ்ந்தும் நிகழாதது: 1992

1980களில் அமெரிக்க மற்போரின் இரு பெரும் முகங்கள் ஹல்க் ஹோகனும் ரிக் ஃப்ளேரும். போட்டி நிறுவனங்களில் இருந்ததால் அப்பத்தாண்டில் இருவரும் எதிர்நின்றதில்லை. 1991இல் ஃப்ளேர், தாம் முன்பு வகித்த மற்றொரு நிறுவனத்தின் பட்டயத்தைக் கையில் ஏந்தி, தாமே உண்மையான உலகச் சாம்பியன் என்ற முழக்கத்தோடு டபிள்யு.டபிள்யு.எஃப்.இல் நுழைந்தார். 1992 ஜனவரி 19இல் நடந்த ராயல் ரம்பிள் ஆட்டத்தில் மூன்றாம் எண்ணில் களமிறங்கி, இறுதிவரை நின்று, காலியாக இருந்த பட்டத்தை வென்றார். பின்னர் நிறுவனத் தலைவராகத் திரையில் தோன்றிய ஜாக் டன்னி, ரெசில்மேனியா 8இல் ஃப்ளேரை எதிர்ப்பவர் ஹோகன் என ஒளிபரப்பில் அறிவித்தார்.

அவ்வாட்டம் நடைபெறவில்லை. சில வாரங்களில் நிகழ்ச்சி இரு முதன்மை ஆட்டங்களாக மாற்றப்பட்டது. ஏப்ரல் 5இல் இண்டியானாபொலிஸ் நகரின் ஹூசியர் டோம் அரங்கில் ஃப்ளேரை ராண்டி சாவேஜ் வென்றார். ஹோகன் சிட் ஜஸ்டிஸுடன் மோதினார். மாற்றத்துக்குப் பின்னாளில் கூறப்பட்ட காரணங்கள் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. ஐயத்துக்கு இடமின்றித் தெரிவது இதுவே: இரு வினைமுதல்களும் உடனிருந்தனர், இருவரும் களமிறங்கும் நிலையில் இருந்தனர், அன்றிரவு அதே அரங்கில் இருவரும் ஆடவும் செய்தனர். முற்று வராமைக்குக் காரணம் உடலன்று, நிறுவனத்தின் தீர்மானமே.

இந்நிகழ்வில் ஆய்வுக்குரிய நுட்பம் வேறொன்று உண்டு. 1991 இறுதியிலேயே ஹோகனும் ஃப்ளேரும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாத அரங்கக் காட்சிகளில் மோதியிருந்தனர். பல ஊர்களில் பல்லாயிரவர் அதனைக் கண்டனர். எனினும் அவ்வாட்டம் ‘நிகழாதது’ என்றே நினைவுகூரப்படுகிறது. இருவர் களத்தில் மோதுவது மட்டுமே தொடர்மற்போரில் ‘நிகழ்வு’ ஆகிவிடுவதில்லை என்பது இதனால் பெறப்படும். ஒளிபரப்பாகிய கதையின் எச்சத்தோடு இயைந்து முற்றாக அமைவதே நிகழ்வாகக் கொள்ளப்படுகிறது. 1994 ஜூலை 17இல், டபிள்யு.சி.டபிள்யு. நிறுவனத்தின் பெருநிகழ்ச்சியில் ஹோகன் ஃப்ளேரை வென்று பட்டத்தைக் கைப்பற்றினார். ஒரு நூலில் தொடங்கிய வாக்கியம் மற்றொரு நூலில் முடிந்தது போன்றது அது. முற்று கிடைத்தபோதிலும், 1992இன் எச்சம் அதனால் நிறைவுறவில்லை. ஏங்குவோர் இன்றும் இண்டியானாபொலிஸையே குறிப்பிடுகின்றனர்.

பிற வினைமுதல்: 2014

2014 ஜனவரி 26இல் நடந்த ராயல் ரம்பிள் ஆட்டத்துக்கு மறுநாள் சி.எம். பங்க் நிறுவனத்தைவிட்டு விலகினார். அவ்வாண்டு நவம்பரில் ஒரு வலையொலி உரையாடலில், ரெசில்மேனியா 30இல் தமக்கு டிரிபிள் எச்சுடன் ஆட்டம் திட்டமிடப்பட்டிருந்தது என்றும், அதில் தமக்கு விருப்பம் இருக்கவில்லை என்றும், உடல்நலக் குறைவும் களைப்பும் விலகலுக்குக் காரணங்கள் என்றும் கூறினார். இது மேற்கூறிய இரண்டாம் தரச் சான்று.

அதே ராயல் ரம்பிளில் பட்டிஸ்டா வென்றார். டேனியல் பிரையன் களமிறக்கப்படாததைக் கண்ட அரங்கு கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தது. ரெசில்மேனியாவின் இறுதி ஆட்டம் பட்டிஸ்டாவுக்கும் ராண்டி ஆர்ட்டனுக்கும் இடையே நடைபெற வேண்டியிருந்தது. பங்க் விலகியதால் டிரிபிள் எச்சின் எதிரிடம் காலியாயிற்று. அவ்விடத்துக்குப் பிரையன் வந்தார். 2014 ஏப்ரல் 6இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில், முதல் ஆட்டத்தில் டிரிபிள் எச்சை வென்றார். அவ்வெற்றியால் இறுதி ஆட்டத்தில் மூன்றாமவராக இடம்பெற்று, பட்டத்தையும் வென்றார். பங்க் விலகப் பிரையன் வென்றார் என்பது ‘செய’ என்னும் எச்சத்தின் அமைப்பேயாகும்.

இன்று அத்தொடரை முதலிலிருந்து காண்பவருக்கு அனைத்தும் பிரையனுக்காகவே அமைக்கப்பட்டன போலத் தோன்றும். 2013 ஆகஸ்டில் டிரிபிள் எச் பிரையனின் பட்டத்தைப் பறிக்க உதவிய காட்சி அத்தோற்றத்தை வலுப்படுத்துகிறது. முற்று வந்தபின், எச்சம் அம்முற்றுக்காகவே பிறந்தது போன்ற மயக்கம் உண்டாகிறது. நிகழ்ந்த கதை தனக்கு முன்னிருந்த நிகழாக் கதையை மறைத்துவிடுகிறது. நிகழாததை ஆராய்வதன் முதற்பயன் இம்மயக்கத்தைக் களைவதே. ஒழுங்கானதொரு படைப்பாகத் தோன்றுவது உண்மையில் ஒருவரின் விலகல், ஆயிரக்கணக்கானோரின் கூச்சல், நிறுவனத்தின் அவசர மாற்றம் ஆகியவற்றின் கூட்டு விளைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பங்க் விலகியதால்தான் பிரையனுக்கு வெற்றி கிடைத்தது என மகிழ்ந்து எழுதுவோர், பங்க் கூறிய காரணத்தைக் கடந்துவிடுகின்றனர். வென்ற பிரையனும் இரு மாதங்களில், கழுத்துக் காயத்தின் விளைவாகப் பட்டத்தை இழக்க நேர்ந்தது. அவருக்கென எழுதப்படவிருந்த தொடர்ச்சியும் எச்சமாகவே நின்றது. கதைக்கு மகிழ்ச்சியான முடிவு தந்த அதே உடல், அடுத்த கதையைத் தரவில்லை.

பார்வையாளர் தடுத்த ஆட்டம்: 2024

கோடி ரோட்ஸின் கதை வெளிப்படையாகவே முற்றைப் பொருளாகக் கொண்டது. டஸ்டி ரோட்ஸ் புகழ்பெற்ற வீரராயினும் டபிள்யு.டபிள்யு.ஈ.யின் தலைமைப் பட்டத்தை ஒருபோதும் வென்றதில்லை. ‘கதையை முடிப்பேன்’ என்பது மகன் கோடியின் முழக்கம். 2023இல் ரோமன் ரெயின்ஸிடம் தோற்ற அவர், 2024 ராயல் ரம்பிளை மீண்டும் வென்று அவரை எதிர்க்கும் உரிமை பெற்றார். ஆனால் பிப்ரவரி 2 ஒளிபரப்பில் அவர் பின்வாங்க, தி ராக் என்னும் டுவைன் ஜான்சன் ரெயின்ஸின் எதிரே வந்து நின்றார். ராக்–ரெயின்ஸ் ஆட்டத்துக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 2023 ரெசில்மேனியாவுக்கே அது பேசி முடிக்கப்பட்டுப் பின்னர் கைகூடாமற்போனதாக ராக் தாமே அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு நிகழ்ச்சியில் கூறியிருந்தார்.

பார்வையாளர் இதனை ஏற்கவில்லை. அரங்குகளிலும் இணையவெளியிலும் கோடிக்கு ஆதரவாக எதிர்ப்பு மூண்டது. பிப்ரவரி 8இல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த அறிமுக நிகழ்ச்சியிலேயே, ரெயின்ஸை எதிர்ப்பவர் தாமே எனக் கோடி அறிவித்தார். ராக் அவரை அறைந்து பகைவரானார். ஏப்ரல் 6, 7 ஆகிய நாள்களில் பிலடெல்பியாவில் நடந்த நிகழ்ச்சியின் முதலிரவு ஆட்டத்தில் ராக்கும் ரெயின்ஸும் ஒரே அணியில் ஆடினர். மறுநாள் கோடி வென்றதோடு, 1,316 நாள்கள் நீடித்த ரெயின்ஸின் பட்டக்காலம் முடிவுற்றது. எதிரிகளாக நிற்கவிருந்த இருவர் கூட்டாளிகளாயினர்.

இங்கே முற்றைத் தேர்ந்தவர் பார்வையாளர் என்று கூறத் தோன்றும். அது பாதி உண்மை. எச்சத்தை எழுப்பியது நிறுவனம். அதற்கு உரிய முற்று எது என்று வலியுறுத்தியது பார்வையாளர் கூட்டம். அவ்வலியுறுத்தலையே கதையின் பகுதியாக்கிப் பயனடைந்தது மீண்டும் நிறுவனம். எதிர்ப்பு வெற்றி பெற்றது. பெற்ற வெற்றி நுழைவுச்சீட்டாகவும் விற்கப்பட்டது. 1992இல் அறிவிப்பை மாற்றிய நிறுவனம் அதற்கு விளக்கம் தரக் கடமைப்படவில்லை. 2024இலோ மாற்றத்தையே காட்சியாக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நிறுவனத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான உறவு எவ்வாறு மாறியுள்ளது என்பதை, நடந்த ஆட்டங்களைக் காட்டிலும் நடவாத இவ்விரு ஆட்டங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

முற்று வேண்டா எச்சங்கள்: 2007, 2020

இதுவரை கண்டவற்றில் முற்று ஏதேனும் ஒரு வடிவில் கிடைத்தது. முற்றை வேண்டுவதே பிழையாகும் இடங்களும் உள்ளன.

2007 ஜூன் 11 ஒளிபரப்பின் இறுதியில், நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மஹோன் ஏறிய மகிழுந்து வெடித்துச் சிதறுவதாகக் காட்டப்பட்டது. அவர் கொல்லப்பட்டார் என்பதே கதை. கொன்றவர் யார் என்பது பல வாரங்களுக்குரிய எச்சம். ஜூன் 24இல் கிறிஸ் பென்வா, சி.எம். பங்குடன் பட்டத்துக்காக மோதுவதாக இருந்தது. அவர் வராததால் ஜானி நைட்ரோ களமிறக்கப்பட்டார். மறுநாள் பென்வாவும் அவர் மனைவியும் மகனும் இறந்து கிடந்தது தெரியவந்தது. அன்றிரவு மக்மஹோன் தம் ‘மரணத்தை’ விலக்கி நேரில் தோன்றினார். ஒளிபரப்பு முழுவதும் பென்வாவுக்கான நினைவஞ்சலியாக அமைந்தது. மனைவியையும் மகனையும் கொன்றபின் பென்வா தற்கொலை செய்துகொண்டார் என்பது அடுத்துத் தெளிவாயிற்று. அதன்பின் அவர் பெயரையே நிறுவனம் தன் ஒளிபரப்பிலிருந்து நீக்கியது. வெடிப்புக் கதையும் கைவிடப்பட்டது.

பொய்ச்சாவின் கதை மெய்ச்சாவின்முன் நிற்க முடியாமற்போன இடம் இது. அதனினும் கருதத்தக்கது அந்நினைவஞ்சலி. நடந்தது என்னவென்று முழுதும் அறியாத நிலையிலேயே, ஒரு மரணத்துக்கு உரிய முடிவுரையை அளிக்க நிறுவனம் விரைந்தது. எச்சத்தைக் கண்டவுடன் முற்றைத் தேடும் கதைப்பழக்கம் உண்மை வாழ்விலும் செயல்பட்டதன் விளைவு அது. அந்த ஆட்டம் நடந்திருந்தால் எவ்வாறு அமைந்திருக்கும் என இன்றும் கற்பனை செய்வோர் அதே பழக்கத்தைத்தான் தொடர்கின்றனர். ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் கொல்லப்பட்ட நிகழ்வில், இழப்பு என்ற சொல்லை ஓர் ஆட்டத்துக்கு வழங்குவது முறையன்று.

2020ஆம் ஆண்டு நிகழ்வு வேறு வகையானது. ரெசில்மேனியா 36இல் கோல்ட்பெர்க்கை ரோமன் ரெயின்ஸ் எதிர்ப்பார் என அறிவிக்கப்பட்டிருந்தது. பெருந்தொற்றின் காரணமாக நிகழ்ச்சி பார்வையாளர் இன்றி ஆர்லாண்டோவின் பயிற்சிக்கூடத்துக்கு மாற்றப்பட்டது. குருதிப்புற்று மீண்டும் தாக்கியுள்ளதாக 2018 அக்டோபரில் அறிவித்துச் சிகிச்சை பெற்று மீண்டவர் ரெயின்ஸ். அவர் ஆட்டத்திலிருந்து விலகினார். பிரான் ஸ்ட்ரோமன் அவரிடத்தில் ஆடி வென்றார். கதையளவில் இது ‘செய’ எச்சமே. ஆனால் 2014இல் பார்வையாளர் கொண்டாடிய மாற்றம் போல இது கொண்டாடப்படவில்லை. அறிவிக்கப்பட்ட ஆட்டம் தவறிப்போனதாகவே பலர் குறைகூறினர். மற்போர் ஆய்வில் அரிதாகவே பேசப்படும் ஒன்று இங்கே வெளிப்படுகிறது. கதாபாத்திரம் ஒருபோதும் பின்வாங்காது. அதனை ஏற்றவர் பின்வாங்கலாம். தம் உடலைக் காக்க ஒருவர் ‘இல்லை’ என்று சொன்ன இடமே அந்நிகழாமை. அதை வெற்றிடமாகப் பதிவது அந்தச் சொல்லைக் கேளாமல் விடுவதாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படுவன வருமாறு:

1. நிகழாத ஆட்டம் இழந்த படைப்பு அன்று. மறைந்த நூல் போல மீட்கத்தக்கதும் அன்று. அது எழுப்பிய எதிர்பார்ப்பும், அதனைத் தொடர்ந்த மாற்றமுமே ஆய்வுக்குரிய பனுவல்.

2. எச்சம் முற்றுப்பெறாமையின் காரணம், கதையின் ஆசிரியத்துவம் எவர் கையில் உள்ளது என்பதைக் காட்டுகிறது. 1992இல் அது நிறுவனத்திடமும், 2024இல் நிறுவனத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலும், 2014இலும் 2020இலும் பெரும்பகுதி வீரரின் உடலிடமும் விலகும் உரிமையிடமும் இருந்தது.

3. நிகழ்ந்த கதை, தனக்கு முன்னிருந்த நிகழாக் கதையை மறைக்கும் இயல்புடையது. அதனை வெளிக்கொணரும்போது சான்றின் தரம் குறிக்கப்பட வேண்டும்.

4. எல்லா எச்சங்களுக்கும் முற்று தேடுவது திறனாய்வின் கடமை அன்று. சில எச்சங்களை எச்சமாகவே விடுவது அறம் சார்ந்த தேர்வு.

நடந்திருந்தால் எத்துணைச் சிறப்பாக இருந்திருக்கும் என்னும் வினாவுக்கு எவரும் விடை கூற இயலாது. ஏன் நடக்கவில்லை என்னும் வினாவுக்கு விடை உண்டு. அவ்விடையில் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் கணக்கோ, ஒரு கூட்டத்தின் குரலோ, ஒரு மனிதரின் காயமோ இருக்கும். கதையை உடலால் எழுதும் கலையைப் பற்றிய ஆய்வு, அவ்வுடல் எழுத மறுத்த இடங்களையும் வாசிக்கக் கற்க வேண்டும்.